கடினமான சுடோகு பாதியில் நின்றுவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான்: "நாளிதழில் வரும் சுடோகுவை முடித்துவிடுகிறேன். செயலியில் 'எக்ஸ்பர்ட்' நிலையை எடுத்தால் முப்பது, முப்பத்தைந்து கட்டம் நிரம்பியதும் அப்படியே நின்றுவிடுகிறது. ஊகித்துப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா? எக்ஸ்-விங், ஸ்வார்ட்ஃபிஷ் என்று ஐம்பது பெயர் சொல்கிறார்களே, எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?"

வழி உண்டு. ஐம்பதும் வேண்டாம். ஐந்தாறு முறைகள் கைவந்தால் 'எக்ஸ்பர்ட்' என்று பெயர் வைத்திருக்கும் புதிர்களில் பெரும்பாலானவை முடிந்துவிடும். இந்த நிலைகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியின் 'எக்ஸ்பர்ட்' இன்னொன்றின் நடுத்தரமாக இருக்கும்.

எளிய புதிரில் "இங்கே எந்த எண் வரும்?" என்று கேட்டே முன்னேறிவிடலாம். கடினமான புதிரில் அந்தக் கேள்விக்குப் பாதியிலேயே பதில் கிடைக்காமல் போகும். அதற்குப் பிறகு கேட்க வேண்டியது "எந்த எண் எங்கே வரவே முடியாது?" என்பதுதான். ஓர் எண்ணை நிரப்பாமல், ஒரே ஒரு குறிப்பை (இந்தக் கட்டத்தில் வரக்கூடும் என்று சின்னதாக எழுதிவைக்கும் எண்ணை) அழித்ததற்காக மகிழ்ச்சியடையப் பழக வேண்டும். அழிக்க உதவும் துப்பு எங்கே இருக்கும் என்றால், எங்கெல்லாம் இரண்டே வாய்ப்பு மிஞ்சியிருக்கிறதோ அங்கே. ஒரு கட்டத்தில் இரண்டே எண்கள், அல்லது ஒரு வரிசையில் ஓர் எண்ணுக்கு இரண்டே இடங்கள். பெயர் பெற்ற முறைகளில் முக்கால்வாசி இந்த 'இரண்டில் ஒன்று' என்பதைப் பல விதமாகக் கோத்தெடுப்பவைதான்.

இனி நான் எழுதும் முறை: 4-7 என்றால் நான்காவது வரிசை, ஏழாவது நெடுவரிசை. 3x3 பகுதியைப் பெட்டி என்கிறேன். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக 1 முதல் 9 வரை. ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ பெட்டியிலோ இருக்கும் கட்டங்கள் ஒன்றையொன்று 'பார்க்கின்றன' என்போம். ஜாதகக் கட்டத்தில் குரு பார்க்கிற மாதிரிதான்; ஒரு கட்டத்தில் 5 உட்கார்ந்துவிட்டால் அதன் பார்வையில் இருக்கும் எந்தக் கட்டத்திலும் 5 வராது.

முதலில் குறிப்பெழுதும் பழக்கத்தைச் சரிசெய்யுங்கள். எடுத்தவுடன் எல்லாக் கட்டத்திலும் எல்லாச் சாத்திய எண்களையும் எழுதிக் குவித்தால் கண் குழம்பும். உலக சுடோகு போட்டியில் 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் தாமஸ் ஸ்னைடர் பெயரில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் இருந்தால் மட்டும் அந்த இரண்டு கட்டங்களின் மூலையில் அதை எழுதுவது. மூன்று இடம் இருந்தால் எழுதாமல் விட்டுவிடுவது. மேலோட்டமாகப் பார்த்தால் சோம்பேறித்தனம் போலத் தெரியும். ஆனால் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் 'இரண்டில் ஒன்று' என்ற தகவல் என்பதால் பிறகு தேடுகிற வேலை பாதியாகிவிடும். இதிலேயே நின்றுவிட்டால் அப்போது முழுக் குறிப்பையும் நிரப்பலாம். தாளில் போடுகிறவர்கள் எண்ணுக்குப் பதில் புள்ளி வைக்கலாம்: கட்டத்தின் இடது மேல் மூலை 1, நடு 5, வலது கீழ் மூலை 9 என்று இடத்தை வைத்தே எண் தெரியும். நாளிதழின் சின்னக் கட்டத்துக்கு இது ரொம்ப வசதி.

அடுத்து, பெரிய பெயர்களுக்குத் தாவும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாம் பெட்டியில் 7 வரக்கூடிய இடம் 2-1, 2-3 மட்டும்தான் என்று வையுங்கள். எதில் வந்தாலும் இரண்டாம் வரிசையின் 7 அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஆகவே 2-4 முதல் 2-9 வரை எங்கிருந்தாலும் 7-ஐ அழித்துவிடலாம். இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும்: ஒரு வரிசையில் ஓர் எண்ணுக்குரிய இடமெல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுந்தால், அந்தப் பெட்டியின் மற்ற இரு வரிசைகளிலும் அது வராது. இந்தத் திருப்பத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, ஒளிந்திருக்கும் ஜோடி. இரண்டு கட்டங்களில் 3, 8 மட்டும் இருந்தால் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் ஒன்பதாம் பெட்டியில் 7-8 என்ற கட்டத்தில் 1, 3, 5, 8. 9-7 என்ற கட்டத்தில் 2, 3, 8, 9. அந்தப் பெட்டியில் வேறெங்கும் 3-ம் இல்லை, 8-ம் இல்லை என்றால்? அந்த இரு கட்டங்களும் 3, 8 ஆகிய இரண்டுக்கு மட்டுமே சொந்தம். மற்ற நான்கு குறிப்புகளையும் அழித்துவிடலாம். கட்டத்தைப் பார்த்தால் இது சிக்காது. எண்ணைப் பிடித்துக்கொண்டு அது எங்கெல்லாம் வரும் என்று பார்த்தால்தான் சிக்கும். "எக்ஸ்-விங் கிடைக்கவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பவர்களின் தாளில் பெரும்பாலும் இப்படி ஒரு ஜோடிதான் ஒளிந்திருக்கும்.

சரி, எக்ஸ்-விங். மூன்றாம் வரிசையில் 6-க்கு இரண்டே இடம்: 3-2, 3-7. எட்டாம் வரிசையிலும் இரண்டே இடம், அதே நெடுவரிசைகளில்: 8-2, 8-7. 3-2 என்ற கட்டத்தில் 6 வந்தால் எட்டாம் வரிசையில் அது 8-7க்குப் போக வேண்டும். 3-7ல் வந்தால் 8-2க்குப் போகும். எப்படியானாலும் இரண்டாம், ஏழாம் நெடுவரிசைகளின் 6 இந்த நான்கு மூலைகளில் முடிந்துவிடுகிறது. அந்த நெடுவரிசைகளில் மற்ற இடங்களில் இருக்கும் 6-ஐ அழிக்கலாம். எந்தப் பக்கம் அழிப்பது என்பதில்தான் தடுமாறுவார்கள்: வரிசையில் கண்டுபிடித்தால் நெடுவரிசையில் அழிக்க வேண்டும், நெடுவரிசையில் கண்டுபிடித்தால் வரிசையில். இதையே மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை என்று விரித்தால் ஸ்வார்ட்ஃபிஷ். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று இடமும் இருந்தாக வேண்டியதில்லை, இரண்டிருந்தாலும் போதும். மொத்தமாக மூன்றே நெடுவரிசைக்குள் அடங்கினால் சரி.

என் கருத்து, எக்ஸ்-விங்குக்கு அதன் தகுதிக்கு மீறிய புகழ். விளக்குவதற்கு அழகான வடிவம், அதனால் எல்லாரும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். நான்கு மூலையும் கச்சிதமாகப் பொருந்துவது அடிக்கடி நடப்பதில்லை. மூன்று மூலை பொருந்தி நான்காவது ஒரு கட்டம் தள்ளிப் போயிருப்பதுதான் அதிகம். "அடடா, தப்பிவிட்டதே" என்று அதை விட்டுவிடுவார்கள். விடக் கூடாது, அதற்கு ஸ்கைஸ்கிரேப்பர் என்று தனிப் பெயரே இருக்கிறது.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எண் 4. இரண்டாம் வரிசையில் அதற்கு இடம் 2-3, 2-6. எட்டாம் வரிசையில் 8-3, 8-5. மூன்றாம் நெடுவரிசை இரண்டுக்கும் பொது. மறுமுனைகள் மட்டும் ஆறாவதிலும் ஐந்தாவதிலும் இருக்கின்றன. மூன்றாம் நெடுவரிசையில் ஒரே ஒரு 4தான் வர முடியும். எனவே 2-3, 8-3 இரண்டிலும் சேர்ந்து 4 வராது. அப்படியானால் ஏதாவது ஒரு வரிசையிலாவது 4 மறுமுனைக்கு வந்தே தீர வேண்டும். அதாவது 2-6, 8-5 இரண்டில் ஒன்றிலாவது 4 நிச்சயம். இனி இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கட்டங்கள் எவை? 1-5, 3-5 ஆகியவை 2-6 இருக்கும் இரண்டாம் பெட்டியில் இருக்கின்றன, 8-5 இருக்கும் நெடுவரிசையிலும் இருக்கின்றன. அதேபோல 7-6, 9-6 ஆகியவை எட்டாம் பெட்டி, ஆறாம் நெடுவரிசை. இந்த நான்கு கட்டங்களிலும் 4 வர முடியாது. எக்ஸ்-விங் ஆகாமல் போன ஒன்றிலிருந்து நான்கு இடத்தில் அழிக்க முடிகிறது, பாருங்கள். ஸ்னைடர் குறிப்பு எழுதியிருந்தால் இதற்கான துண்டுகள் பாதி ஏற்கெனவே கண்ணெதிரே இருக்கும்.

ஒரே முறையைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது எக்ஸ்ஒய்-விங். இதற்கு இரண்டே குறிப்பு உள்ள கட்டங்கள் மூன்று வேண்டும். 4-2 என்ற கட்டத்தில் 3, 8 இருக்கட்டும். இது நடுக் கட்டம். அதே பெட்டியில் 6-1 என்ற கட்டத்தில் 3, 5. அதே வரிசையில் 4-7 என்ற கட்டத்தில் 8, 5. நடுவில் 3 வந்தால் 6-1 என்ற கட்டம் 3-ஐ இழந்து 5 ஆகும். நடுவில் 8 வந்தால் 4-7 என்ற கட்டம் 5 ஆகும். நடுவில் மூன்றாவது வாய்ப்பே இல்லை. எனவே 6-1, 4-7 இரண்டில் ஒன்று 5தான். எது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டையும் பார்க்கும் கட்டங்களில் 5-ஐ அழிக்க வேண்டியதுதான். 6-7, 6-8, 6-9 ஆகிய மூன்றும் ஆறாம் வரிசை வழியாக 6-1ஐப் பார்க்கின்றன, ஆறாம் பெட்டி வழியாக 4-7ஐப் பார்க்கின்றன. மறுபக்கம் 4-1, 4-3 ஆகியவை நான்காம் பெட்டியிலும் நான்காம் வரிசையிலும் இருக்கின்றன. ஆக ஐந்து கட்டம். மூன்று கட்டமும் செவ்வகத்தின் மூலைகளில் அமைந்தால் அழிக்கக் கிடைப்பது ஒரே கட்டம்தான். ஒரு சிறகு (6-1, 4-7 போன்ற பக்கக் கட்டம்) நடுக் கட்டத்தின் பெட்டிக்குள்ளேயே இருக்கும்போதுதான் அறுவடை அதிகம், அதனால் தேடும்போது பெட்டிக்குள் இருக்கும் ஜோடிகளிலிருந்து தொடங்குங்கள்.

நடுக் கட்டத்தில் 3, 8 உடன் 5-ம் சேர்ந்திருந்தால் அது எக்ஸ்ஒய்இசட்-விங். அங்கே அழிக்கும் கட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும் என்பதால் பலன் குறைவு; மேலே சொன்ன உதாரணத்தில் 4-1, 4-3 மட்டும் மிஞ்சும்.

எக்ஸ்ஒய்-விங்கை நீட்டினால் சங்கிலி. 1-1 என்ற கட்டத்தில் 1, 5. 1-7 என்ற கட்டத்தில் 5, 8. 6-7 என்ற கட்டத்தில் 8, 3. 6-2 என்ற கட்டத்தில் 3, 1. முதல் கட்டம் 1 இல்லை என்றால் 5. அப்படியானால் 1-7 என்பது 8, அதனால் 6-7 என்பது 3, அதனால் 6-2 என்பது 1. ஆக ஒரு முனையில் 1 இல்லாவிட்டால் மறுமுனையில் 1. இரு முனைகளையும் பார்க்கும் கட்டங்களில் 1 வராது. இங்கே அப்படி ஆறு கட்டங்கள் இருக்கின்றன, நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். சங்கிலி எவ்வளவு நீளமானாலும் இதே கணக்குதான்.

ஒரே எண்ணை வைத்துக்கொண்டு சங்கிலி போடுவதும் உண்டு. வண்ணம் தீட்டுதல் என்பார்கள். இரண்டு நிறப் பென்சில் போதும். 9-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையில் அதற்கு 1-2, 1-8 மட்டும். 1-2க்கு நீலம், 1-8க்குச் சிவப்பு. எட்டாம் நெடுவரிசையில் 1-8, 6-8 மட்டும், 6-8 நீலம். ஆறாம் பெட்டியில் 6-8, 4-9 மட்டும், 4-9 சிவப்பு. இனி நீலம் எல்லாம் சரி, இல்லையேல் சிவப்பு எல்லாம் சரி. 4-2 என்ற கட்டம் நீலமான 1-2ஐயும் பார்க்கிறது, சிவப்பான 4-9ஐயும் பார்க்கிறது. எந்த நிறம் வென்றாலும் அதற்கு 9 கிடையாது. ஒரே நிறத்தில் இரண்டு கட்டம் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் இன்னும் நல்லது: அந்த நிறம் முழுவதும் பொய், மற்ற நிறத்தை அப்படியே நிரப்பிவிடலாம். செயலியில் விளையாடுகிறவர்களுக்கு இது சுலபம், ஓர் எண்ணைத் தொட்டால் அதன் இடங்களெல்லாம் ஒளிரும்.

இன்னொரு வகை முறை இருக்கிறது. அது கட்டங்களைப் பார்க்காமல் புதிரை அமைத்தவரின் வாக்குறுதியைப் பயன்படுத்துகிறது. ஒழுங்காக அமைக்கப்பட்ட சுடோகுவுக்கு ஒரே விடைதான். 2-1, 3-1, 2-8 ஆகிய மூன்றிலும் 2, 9 மட்டும். 3-8 என்ற கட்டத்தில் 2, 9, 6. இந்த நான்கும் இரண்டே வரிசை, இரண்டே நெடுவரிசை, இரண்டே பெட்டிக்குள் இருக்கின்றன. கடைசிக் கட்டத்திலும் 2 அல்லது 9 வந்தால், நான்கையும் அப்படியே இடம் மாற்றி எழுதினாலும் புதிர் சரியாகவே இருக்கும். இரண்டு விடை வந்துவிடும். அதனால் 3-8ல் 6. 'தனித்த செவ்வகம்' என்று இதைச் சொல்லலாம். நான்கு கட்டமும் நான்கு பெட்டியில் பரவியிருந்தால் இது செல்லாது, அதை மறந்துவிடாதீர்கள். இதே அடிப்படையில் இன்னொன்று: மீதியிருக்கும் எல்லாக் கட்டத்திலும் இரண்டிரண்டு குறிப்பு, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் மூன்று என்ற நிலை வந்தால், அந்த மூன்றில் எந்த எண் அதன் வரிசையிலும் நெடுவரிசையிலும் பெட்டியிலும் மும்மூன்று முறை இருக்கிறதோ அதுவே விடை.

இது ஏமாற்று வேலை என்று கருதுகிறவர்கள் உண்டு. ஒரே விடை என்பதை நிரூபிக்க வேண்டியவரே அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். எனக்கு அதில் தயக்கம் இல்லை, நம்பகமான இடத்தில் எடுத்த புதிராக இருக்கும்வரை. யாரோ கையால் அமைத்த, சரிபார்க்காத புதிரில் மட்டும் இதைத் தொட மாட்டேன்.

ஊகிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு குறிப்பு உள்ள கட்டத்தில் ஒன்றைப் போட்டு "பார்க்கலாம்" என்று ஓடுவது ஊகம். இரண்டையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, 3 போட்டாலும் 8 போட்டாலும் தூரத்தில் ஒரு கட்டம் 2-தான் ஆகிறது என்று கண்டால் அது நிரூபணம், அந்த 2-ஐத் தைரியமாக எழுதலாம். எனக்குள்ள வரம்பு, தலைக்குள் பின்தொடர முடிகிற தூரம். அதைத் தாண்டிப் பத்து அழிப்பு, பதினைந்து அழிப்பு என்று போனால் சுவை போய்விடுகிறது. போட்டியாளர்கள் இப்படிப் பார்ப்பதில்லை. உலக சுடோகு போட்டி 2006-ல் இத்தாலியின் லூக்காவில் தொடங்கியது. 2008-ல் கோவாவிலும் 2017-ல் பெங்களூரிலும் நடந்திருக்கிறது. அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், விடை சரியா என்று மட்டுமே பார்ப்பார்கள். சரியான கட்டத்தில் துணிந்து ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அங்கே ஒரு திறமை.

தரப்பட்ட எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 17 எண்ணுக்குக் குறைவாகத் தந்தால் ஒரே விடை வராது என்பதை அயர்லாந்தின் கேரி மெக்குவையர் குழு 2012-ல் கணினியால் எல்லா வாய்ப்பையும் அலசி நிறுவியது. ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் கார்டன் ராயில் அதற்கு முன்பே 49,000க்கும் மேற்பட்ட 17 எண் புதிர்களைத் திரட்டியிருந்தார். அவற்றில் பல அடிப்படை முறைகளிலேயே முடிந்துவிடும். ஆனால் பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்காலா அமைத்து, 2012-ல் 'உலகின் மிகக் கடினமான சுடோகு' என்று பத்திரிகைகள் கொண்டாடிய புதிரில் 21 எண்கள் இருக்கின்றன. மேலே பெயர் சொன்ன எந்த முறையும் அதில் பலிக்காது; கிளை கிளையாகப் பிரிந்து போகும் சங்கிலிகள்தான் வேண்டும். ஆகவே 'உலகிலேயே கடினம்' என்ற தலைப்பைப் பார்த்து அதில் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டாதீர்கள்.

நின்றுவிட்டால் நான் செய்யும் முதல் வேலை, புது முறையைத் தேடுவதல்ல, குறிப்புகளைச் சரிபார்ப்பது. ஓர் எண்ணை நிரப்பிவிட்டு அதன் பார்வையில் இருக்கும் குறிப்பை அழிக்க மறந்திருந்தால் இல்லாத தடை தெரியும். விட்டுப்போன குறிப்பு அதைவிட ஆபத்து: மூன்று இடம் இருப்பதை இரண்டு என்று நம்பி ஸ்கைஸ்கிரேப்பர் போட்டால் இருபது கட்டம் தள்ளித்தான் தவறு தெரியவரும். அப்புறம் ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணாக எடுத்து, எந்த வரிசை, நெடுவரிசையில் அதற்கு இரண்டே இடம் என்று ஒரு சுற்று. அதில் ஸ்கைஸ்கிரேப்பரும் எக்ஸ்-விங்கும் வண்ணமும் தானாக வந்துவிடும். பிறகு இரண்டே குறிப்பு உள்ள கட்டங்களை மட்டும் பார்த்து ஒரு சுற்று. எக்ஸ்ஒய்-விங், சங்கிலி, செவ்வகம் எல்லாம் அதில். ஒவ்வோர் அழிப்புக்குப் பிறகும் அடிப்படைக்குத் திரும்ப வேண்டும். ஒரு 5 போனதால் ஒரு ஜோடி உருவாகியிருக்கலாம், அதிலிருந்து மொத்தப் புதிரும் அவிழ்ந்துவிடலாம்.

பழகுவதற்கு ஹோடோகு என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில்தான் ஓடும், பார்க்கப் பழைய காலத்துத் தோற்றம். ஆனால் குறிப்பிட்ட முறை தேவைப்படும் புதிர்களாகவே கேட்டு வாங்கிப் பயிற்சி செய்யலாம், சிக்கிக்கொண்டால் அடுத்த அடியை மட்டும் காட்டச் சொல்லலாம். ஒரு வாரம் எக்ஸ்ஒய்-விங் மட்டும், அடுத்த வாரம் ஸ்கைஸ்கிரேப்பர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் நல்லது. ஸ்வார்ட்ஃபிஷ்ஷைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.